மூன்றாவது அறிக்கை

ஜூன் 3, திங்கள்

முப்பது வருடம் மற்றவர்கள் பெயரில் அறிக்கை எழுதிப் பிழைத்தவன் நான். இப்போது முதல்முறையாக என் பெயரில் ஒன்று மேடையேறப் போகிறது. ஜெ. தணிகைவேல், நாடக ஆசிரியர். கண்ணாடி முன்னால் நின்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். கஸ்தூரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருகிட்ட பேசறீங்க?" என்றாள். மனைவிமார்களுக்கு இந்த மாதிரி நேரத்தில்தான் காது நன்றாகக் கேட்கும்.

ரெஜினா காலையில் போன் செய்தாள். நாலைந்து பேரை வைத்துக்கொண்டு சின்னச் சின்ன ஹால்களில் நாடகம் போடுகிற பெண். "சார், படிச்சிட்டு நான் சிரிச்ச சிரிப்புல எங்கம்மா பயந்துட்டாங்க. இத நாம போடறோம்" என்றாள்.

நாடகத்தின் பெயர் 'அண்ணன் சார்பாக'. ஒரு பெரிய நடிகர் வெளியூர்ப் படப்பிடிப்பில் குரூப் டான்ஸர் ஒருத்தியின் அறைக் கதவைத் தட்டிவிடுகிறார். அவள் அதை வெளியே சொல்லிவிடுகிறாள். அதை அமுக்குவதற்கு அவருடைய பி.ஆர்.ஓ. படுகிற பாடுதான் கதை. பி.ஆர்.ஓ. என்றால் நடிகருக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பொய் சொல்கிறவன். நான் ஓய்வு பெற்று ஐந்து வருடமாகிறது. பொய் சொல்லும் பழக்கம் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

சிலிண்டர் புக் செய்தேன். மாலையில் மொபைலில் 'எடுக்காதே' என்று நான் பதிந்துவைத்த எண் இரண்டு முறை கூப்பிட்டது. எடுக்கவில்லை. ஜூன் பிறந்தால் ஆரம்பித்துவிடும்.

ஜூன் 6, வியாழன்

ஹால் முடிவாகிவிட்டது. சாலிகிராமத்தில் ஒரு மூன்றாவது மாடி. கேள்விப்பட்ட இடம் என்று நான்தான் சொன்னேன். சாயந்திரம் ஜூம்பா டான்ஸ் வகுப்பு நடக்கிறது, மதியம் சும்மாதான் கிடக்கும். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. லிஃப்ட் கிடையாது. முன்பக்கம் சிமென்ட் படிகள், பின்பக்கம் சுற்றுப்படியாக ஓர் இரும்பு ஏணி.

உள்ளே நுழைந்ததும் இருட்டில் கையை நீட்டி ஃபேன் சுவிட்சைப் போட்டேன். அது கதவுக்குப் பின்னால், முழங்கை உயரத்தில், யாரும் தேடாத இடத்தில் இருக்கிறது.

"சார், இங்க முன்னாடி வந்திருக்கீங்களா?" என்றாள் ரெஜினா.

"இல்லையேம்மா."

ஜூலை 14 ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றம் என்று தேதி குறித்தாள். வேறு தேதி இல்லையா என்று கேட்டேன். மற்ற ஞாயிறுகளில் ஜூம்பாக்காரர்கள் விடமாட்டார்களாம். சரி என்றேன். சரி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ஜூன் 9, ஞாயிறு

முதல் ஒத்திகை. பி.ஆர்.ஓ.வாக ஆல்பர்ட். டிவி சீரியலில் மாப்பிள்ளைக்குச் சித்தப்பாவாக வருகிறவன், நல்ல நகைச்சுவை உணர்வு. டான்ஸர் பெண் மேடைக்கே வரமாட்டாள், போனில் குரல் மட்டும். அதற்கு லோகேஸ்வரி என்ற பெண். திரைக்குப் பின்னால் மைக் வைத்துக்கொண்டு பேசுவாள்.

மேடையில் ஒரு மேஜை, இந்தப் பக்கம் பி.ஆர்.ஓ.வின் நாற்காலி, எதிரே வருகிறவர்களுக்கு ஒரு நாற்காலி. மேஜைமேல் கறுப்புப் போன். ரெஜினா எங்கேயோ பழைய சாமான் கடையில் பிடித்திருக்கிறாள், ஒயர் அரை முழத்தில் அறுந்து தொங்குகிறது. மணியோசை லேப்டாப்பிலிருந்து வரும்.

எல்லாரையும் உருண்டு சிரிக்க வைத்தது மூன்று அறிக்கைக் காட்சி. எங்கள் தொழிலில் அதுதான் முறை. வம்பு வந்தால் ஒன்றல்ல, மூன்று அறிக்கை எழுதி வைத்துவிட வேண்டும். அந்தப் பெண் போலீசுக்குப் போனால் முதலாவது: 'சட்டத்தின் மீது எனக்கு முழு நம்பிக்கை உண்டு'. சமாதானமாகிவிட்டால் இரண்டாவது: 'அவர் என் தங்கை போன்றவர்'. செத்துப்போனால் மூன்றாவது: 'ஈடுசெய்ய முடியாத இழப்பு, செய்தி கேட்டு உறைந்துபோனேன்'. கேட்பவர்களுக்குக் கல்நெஞ்சம் என்று தோன்றும். செய்கிற எங்களுக்கு அது மழைக்காலத்தில் குடை எடுத்துவைப்பது போலத்தான்.

இரண்டாவது காட்சி நடக்கும்போதே போன் மணி அடித்துவிட்டது. அது ஆறாவது காட்சியில் அடிக்க வேண்டியது. ஆல்பர்ட் சமாளித்து, "ராங் நம்பர்" என்றான். நாங்கள் சிரித்தோம். மணி நாலு பத்து.

ஜூன் 12, புதன்

மறுபடியும் நாலு பத்துக்கு அடித்தது. "ரெஜினா, அந்த சவுண்டைக் கொஞ்சம் பார்த்துப் போடும்மா" என்றேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "சார், நான் இன்னும் சவுண்ட் ஃபைலே ஏத்தலையே. நீங்க மொபைல்ல போடறீங்கன்னு நெனச்சேன்."

கீழ் மாடியில் யார் வீட்டிலோ இருக்கும் என்று முடிவு செய்தோம். திரும்பி வரும்போது கீழ் மாடியைப் பார்த்தேன். பூட்டி, சீல் வைத்து, தூசி படிந்து கிடக்கிறது.

மிக்ஸி ஜார் ரிப்பேருக்குக் கொடுத்தேன். சனிக்கிழமை வரச் சொன்னான்.

ஜூன் 16, ஞாயிறு

ஆறாவது காட்சி இன்று. நாடகத்தின் உச்சமே அதுதான். பி.ஆர்.ஓ. இரண்டாவது அறிக்கையை அனுப்புவதாக நினைத்துக்கொண்டு மூன்றாவதை எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்பிவிடுகிறான். உயிரோடு இருக்கிறவளுக்கு இரங்கல். அவளே போன் செய்கிறாள்.

"சார், நான்தான் பேசறேன். செத்துப்போனவ."

"அடடா, ஆழ்ந்த இரங்கல்மா!"

இது பழக்க தோஷத்தில் அவன் வாயிலிருந்து வருகிற பதில். ஆல்பர்ட் இதைச் சொன்ன விதத்தில் எனக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்து அவள், 'நேரில் வந்து காட்டுகிறேன், ஆபீஸில் இருப்பீர்களா?' என்று கேட்பாள். 'இருப்பேன், வாம்மா' என்று சொல்லிவிட்டு அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக ஓடுவான். விளக்கு அணையும். அவ்வளவுதான்.

ஆனால் லோகேஸ்வரி நடுவில் ஒன்றைச் சேர்த்துவிட்டாள். "இப்பதான் சார் சாப்ட்டேன். சோறு, ரசம், வெண்டைக்காப் பொரியல். செத்தவ ரெண்டாந்தரம் ரசம் ஊத்திக்குவாளா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து திரைக்குப் பின்னால் போனேன். "இந்த வரிய யாரும்மா உனக்குச் சொன்னது?"

"ஸ்கிரிப்ட்ல இருக்கே சார்" என்று காகிதத்தை நீட்டினாள்.

இருக்கிறது. அச்சடித்து இருக்கிறது. ரெஜினா தன் மொபைலைக் காட்டினாள். திருத்திய பிரதி என்று செவ்வாய்க்கிழமை என் மெயிலிலிருந்து வந்திருக்கிறது, மாலை 4.10க்கு. அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

"பெஸ்ட் லைன் சார் அது. எடுத்துராதீங்க" என்றாள்.

ஜூன் 17, திங்கள்

தண்ணீர் லாரி வருகிற நாள். வழக்கம்போல நான் முன்னாலேயே வெளியே போய்விட்டேன். கஸ்தூரிதான் பார்த்துக்கொள்வாள். லாரி ரிவர்ஸில் வரும்போது அடிக்கிற அந்தச் சத்தம் எனக்கு ஆகாது.

ஜூன் 19, புதன்

நாலு மணிக்குமேல் யாரோ முன்படியில் ஏறி வந்தார்கள். இளம் கால்கள். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிற வேகம். கதவுக்கு வெளியே வந்து நின்றது. மூச்சு வாங்குவது கேட்டது. ஆல்பர்ட் வசனத்தை நிறுத்திவிட்டுப் போய்க் கதவைத் திறந்தான்.

யாரும் இல்லை.

"கொரியர்காரன் மாடி மாறி வந்திருப்பான்" என்றான். சரியான விளக்கம்தான். இறங்கிப் போகிற சத்தம் கேட்கவில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

போகும்போது மேடையைப் பார்த்தேன். எதிர் நாற்காலி மேஜையிலிருந்து கொஞ்சம் தள்ளி இழுக்கப்பட்டிருந்தது, ஒருவர் உட்காருகிற அளவுக்கு.

ஜூன் 22, சனி

மிக்ஸிக்காரன் கடை பூட்டியிருந்தது. 'எடுக்காதே' மூன்று முறை. நான் குளித்துக்கொண்டிருந்தபோது கஸ்தூரி மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றாள்.

"என்னங்க, யாரு இது? 'எடுக்காதே'ன்னு பேரு வெச்சிருக்கீங்க?"

"இன்சூரன்ஸ் விக்கிறவங்க. விடு."

"பதினோரு வருசமாவா விக்கிறாங்க? இந்த நம்பர நான் பழைய போன்லயே பாத்திருக்கேன்."

நான் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். குழாய்ச் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிடலாம். அதற்கும் முப்பது வருட அனுபவம் உண்டு.

ஜூன் 26, புதன்

டீ குடிக்கும்போது ஆல்பர்ட் கேட்டான். "சார், இரங்கல் மாத்தி அனுப்புற மேட்டர் நெஜமா நடந்ததா? இல்ல உங்க கற்பனையா?"

"என் நண்பன் ஒருத்தனுக்கு நடந்தது."

"அந்தப் பொண்ணு நேர்ல வந்துச்சா?"

"வரல."

"அப்ப உங்க ஃப்ரெண்ட் தப்பிச்சாரு" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். கண்ணாடிச் சுவரில் நாங்கள் எல்லோரும் தெரிந்தோம். ரெஜினா, ஆல்பர்ட், லோகேஸ்வரி, நான். எண்ணிப் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. எண்ணவில்லை.

ஜூலை 1, திங்கள்

நாலு பத்துக்கு வீட்டில் லேண்ட்லைன் அடித்தது. எங்கள் வீட்டில் லேண்ட்லைன் கிடையாது.

ஜூலை 5, வெள்ளி

ஆல்பர்ட் போய்விட்டான். சீரியலில் அவனுக்குத் திடீரென்று இரண்டாவது கல்யாணமாம், இரண்டு வாரம் பழனியில் படப்பிடிப்பு. "சாரி சார், சோறு போடறது அதுதானே" என்று காலைத் தொடாத குறையாகக் கும்பிட்டான்.

ரெஜினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், நீங்களே பண்ணுங்க. வசனம் உங்களுது, தொழிலும் உங்களுது. உங்கள விட யாரு பண்ணிட முடியும்?"

முடியாது என்றேன். நாடகத்தை நிறுத்திவிடலாம் என்றேன். லோகேஸ்வரியின் முகம் சுருங்கிவிட்டது. அவள் சம்பளமில்லாத லீவு போட்டு வருகிறவள். கடைசியில் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டதும் என் கால் தன்னால் போய் அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றது. அது எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று ரெஜினா தரையில் சாக்பீஸால் குறித்திருந்தாள். பழைய நாளில் என் நாற்காலி போட்டிருந்த அதே இடம்.

ஆமாம். இங்கே வந்திருக்கிறேன்.

ஜூலை 7, ஞாயிறு

நான் நடித்த முதல் ஒத்திகை. மணி அடித்தது, ரிசீவரை எடுத்தேன், லோகேஸ்வரி பேசினாள், நான் பதில் சொன்னேன். 'இருப்பேன், வாம்மா' என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன். இரும்பு ஏணிக் கதவு வரைக்கும் போனேன். தாழ்ப்பாளை இரண்டு தரம் தவறவிட்டேன்.

"சூப்பர் சார்! அந்தத் தடுமாற்றத்த அப்படியே வெச்சுக்கங்க" என்றாள் ரெஜினா.

ஜூலை 10, புதன்

நண்பன் என்று எழுதியது பொய். டைரியில் பொய் எழுதுகிறவன் யாருக்காக எழுதுகிறான்? எழுதிவிடுகிறேன்.

பதினோரு வருடத்துக்கு முன் இந்த மூன்றாவது மாடிதான் என் ஆபீஸ். அவள் பெயர் சுகிர்தா. விருத்தாசலத்துப் பெண், இருபத்து மூன்று வயது. கதவு தட்டப்பட்டது உண்மை. தட்டியவரை நான் அன்றைக்கு அண்ணன் என்று கூப்பிட்டேன். இன்றைக்கு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. இரண்டு வாரம் அவளைச் சுற்றியிருந்த எல்லோரையும் பேச வைத்து, வேலை போய்விடும் என்று சொல்ல வைத்து, சமாதானத்துக்குக் கொண்டுவந்தவன் நான். ஜூலை 14 மதியம் 'என் தங்கை போன்றவர்' போக வேண்டும். மூன்றும் ஒரே ஃபோல்டரில் இருந்தன. மூன்று நாற்பதுக்கு இருநூற்று நாற்பது நிருபர்களுக்கு மெயில் அனுப்பினேன். அனுப்பிவிட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோதுதான் எது போயிருக்கிறது என்று தெரிந்தது.

'முந்தைய மெயிலைப் பொருட்படுத்த வேண்டாம்' என்று உடனே இன்னொன்று அனுப்பினேன். அதற்குள் ஒரு நிருபர் அவளுக்கே போன் போட்டு, நீங்கள் இறந்துவிட்டீர்களாமே, உண்மையா என்று கேட்டுவிட்டான்.

நாலு பத்துக்கு என் மேஜைப் போன் அடித்தது. அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "சார், நான்தான் பேசறேன். செத்துப்போனவ." என் வாயில் வந்தது நிஜமாகவே அந்தப் பதில்தான், ஆழ்ந்த இரங்கல்மா. அவள் இன்னும் சிரித்தாள். வெண்டைக்காய்ப் பொரியலைச் சொன்னாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சமாதானமெல்லாம் வேணாம் சார். என்னைய சாகடிச்சும் எழுதி வெச்சிருந்தீங்கன்னா, நான் யாருன்னு நீங்க ஒருவாட்டி பாக்கணும். நேர்ல வரேன். நீங்க அங்கயே இருப்பீங்களா?" என்றாள்.

"இருப்பேன், வாம்மா."

நான் அப்போதே பையை எடுத்துவிட்டேன். ரிசீவரை வைத்த கையோடு பின்பக்க ஏணியில் இறங்கினேன்.

அவள் ஸ்கூட்டியில் வந்தாள். ஆற்காடு சாலையில் திருப்பத்தில் ஒரு தண்ணீர் லாரி. ஆபீஸுக்கு வர இன்னும் நானூறு மீட்டர்தான்.

ஆறு மணிக்கு மூன்றாவது அறிக்கையை மறுபடி அனுப்பினேன். ஒரு காற்புள்ளிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன்.

மார்ச்சுவரி வாசலில் அவள் அம்மா நின்றார்கள். செண்பகவல்லி. பீங்கான் கம்பெனியில் வேலை, கை முழுக்க வெள்ளைத் தூள், அப்படியே பஸ் ஏறி வந்திருந்தார்கள். "சார், எம்பொண்ணு எங்க போயிட்டிருந்தா? உங்களுக்காச்சும் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்கள்.

"தெரியாதும்மா" என்றேன்.

நிருபர்களும் அதையே கேட்டார்கள். "ஏதோ பர்சனல், யாரையோ பாக்கப் போனதா கேள்வி. எழுதிடாதீங்க" என்றேன். எங்கள் தொழிலில் ஒரு செய்தி வர வேண்டுமென்றால் எழுதாதீர்கள் என்றுதான் சொல்வோம். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. 'காதலனைச் சந்திக்கச் சென்றபோது' என்று படம் போட்டு எழுதினார்கள். அந்த ஊரில் அந்த அம்மா அதற்கப்புறம் எப்படி நடமாடினார்கள் என்று எனக்குத் தெரியாது. வருடா வருடம் ஜூனில் ஆரம்பித்து ஜூலை 14 வரை போன் செய்கிறார்கள். ஒரே கேள்விதான் கேட்பார்கள் என்று தெரியும். முதல் தடவை எடுத்துவிட்டு, 'சார், ஒண்ணு கேக்கணும்' என்றதுமே வைத்தேன். பிறகு அந்த எண்ணுக்கு ஒரு பெயர் வைத்தேன்.

என்னைப் போல ஒரு கோழை இந்த ஊரில் இருக்க முடியாது. இருந்தும் இதை வைத்து ஒரு நகைச்சுவை நாடகம் எழுதியிருக்கிறேன். சிரித்துவிட்டால் கழிந்துவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு 'எடுக்காதே'. பதினொன்றுக்கு ஒரு தடவை. எடுக்கவில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு கஸ்தூரி வெண்டைக்காய்ப் பொரியல் வைத்திருந்தாள். சாப்பிடாமலே கிளம்புகிறேன்.

ஜூலை 15, திங்கள்

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆறரை மணிக்கு ஆரம்பித்தோம். எண்பது நாற்காலி, நிறைந்துவிட்டது. கஸ்தூரி மூன்றாவது வரிசையில். மூன்று அறிக்கைக் காட்சிக்குக் கைதட்டல் நிற்கவேயில்லை. கேவலம், எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆறாவது காட்சி. மணி அடித்தது. எடுத்தேன். "சார், நான்தான் பேசறேன். செத்துப்போனவ" என்றது குரல். நான் பதில் சொன்னேன். சிரிப்பு. பொரியல் வரி. பெரிய சிரிப்பு. பிறகு குரல் நின்றது. சபையில் சிரிப்பும் நின்றது. ரிசீவரில் மூச்சு கேட்டது. அறுந்த ஒயர் மேஜையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே காதில் வைத்திருந்தேன்.

"நீங்க அங்கயே இருப்பீங்களா?"

அது மைக்கில் வந்த குரல் இல்லை. என் காதுக்குள் மட்டும் வந்த குரல்.

"இருப்பேன், வாம்மா" என்றேன்.

ரிசீவரை வைத்தேன். இப்போது பையை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். பை காலடியில் இருந்தது. நான் எடுக்கவில்லை. உட்கார்ந்தேன். யாரோ முன்வரிசையில் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள். திரை ஓரத்திலிருந்து ரெஜினா கையை ஆட்டினாள், போங்க சார், போங்க என்று. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

அப்போது முன்படியில் ஏறி வரும் சத்தம் கேட்டது. இரண்டிரண்டு படியாக. எனக்கு மட்டும் கேட்டது என்று சொல்ல மாட்டேன். எண்பது தலையும் கதவுப் பக்கம் திரும்பியது, என் கண்ணால் பார்த்தேன். ஒன்றாவது மாடி, இரண்டாவது, எங்கள் கதவு. நின்றது. கதவு திறக்கவில்லை. எனக்கு எதிரே இருந்த நாற்காலி மட்டும் ஓர் ஆள் உட்காரும்போது முனகுமே, அப்படி முனகியது.

ரெஜினா விளக்கை அணைத்துவிட்டாள். அப்புறம் கைதட்டல். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

ரெஜினா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சார், முடிவ மாத்துறேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? செம சார்! அந்தப் படிச் சத்தம் எப்படிப் பண்ணீங்க?"

லோகேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. திரைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். "மைக் முதல் வரிலயே போயிடுச்சு சார். நான் அதுக்கப்புறம் பேசவே இல்ல. நீங்க யாருக்கூட பேசினீங்க?"

கஸ்தூரி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அந்த இன்சூரன்ஸ் நம்பர்தானே?" என்றாள். தலையாட்டினேன். "எடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஜூலை 16, செவ்வாய்

நானே கூப்பிட்டேன். மாலை நாலு மணிக்கு. மூன்று மணியோசைக்குள் எடுத்துவிட்டார்கள். பதினோரு வருடத்தில் குரல் கிழடாகிவிட்டது.

"அம்மா, நான் தணிகைவேல் பேசறேன். பி.ஆர்.ஓ."

பின்னால் எங்கோ குக்கர் விசில் அடித்தது.

"சுகிர்தா என்னத்தான் பாக்க வந்துச்சும்மா. வேற யாரையும் இல்ல. என் ஆபீஸுக்கு. நான் இருக்கேன்னு சொன்னேன். சொல்லிட்டு ஓடிட்டேன். பேப்பர்ல வந்தது நான் கெளப்பிவிட்டது. அத்தனையும் பொய்."

முப்பது வருடத்தில் நான் எழுதிய அறிக்கைகளிலேயே சின்னது இதுதான். எழுதி வைத்துப் படிக்கவும் இல்லை.

"அப்ப எவனையும் பாக்கப் போவல" என்றார்கள்.

"இல்லம்மா."

"ஊரே பேசிச்சு. அவுங்கப்பா அதக் கேட்டுக் கேட்டே போய்ச் சேந்தாரு." குரலில் கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சார், ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு எம்புள்ள சாப்ட்டுட்டுக் கெளம்பினாளா? அவ வெறும் வயித்தோட போயிட்டாளோன்னுதான் எனக்கு..."

முடிக்கவில்லை. பதினோரு வருடமாக நான் பயந்து ஓடியது இந்தக் கேள்விக்கா?

"சாப்ட்டுச்சும்மா. அதுவே சொல்லிச்சு. சோறு, ரசம், வெண்டைக்காப் பொரியல். ரெண்டாந்தரம் ரசம் ஊத்திக்கிட்டேன்னு சொல்லிச் சிரிச்சிச்சு."

அந்தப் பக்கம் அந்த அம்மா வாய்விட்டு அழுதார்கள். நான் போனை வைக்கவில்லை. அழுது முடிக்கும்வரை காதில் வைத்திருந்தேன். நானும் அழுதேன். அதை எழுதுவதில் வெட்கமில்லை.

பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார்கள். "அந்த எடத்த நான் பாக்கணும். நாளைக்கு வரேன். நீங்க அங்கயே இருப்பீங்களா?"

அதே சொற்கள். மணி பார்த்தேன். நாலு பத்து.

"இருப்பேம்மா" என்றேன்.

ஜூலை 17, புதன்

ரெஜினாவிடம் சாவி வாங்கிக்கொண்டு மூன்று மணிக்கே வந்துவிட்டேன். மேஜையும் போனும் இன்னும் எடுத்துப்போகவில்லை. எதிரே இருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றைப் போட்டேன். பின்பக்க ஏணிக் கதவைப் பூட்டிச் சாவியை ஜன்னல் வழியாக வெளியே எறிந்துவிட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

மணி நாலு பத்து. போன் அடிக்கவில்லை.

கீழே ஆட்டோ நிற்கிற சத்தம். முன்படியில் வயதானவர் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி வருகிறார். அவருக்கு ஒரு மாடி முன்னால், இரண்டிரண்டு படியாக, இன்னொருவர்.

எழுந்திருக்கவில்லை. முன்கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.